எப்போது சேர்ப்பது: குறிப்பைப் பார்க்காமல் சமைக்கப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

சமையலில் புதிதாக ஏதாவது செய்து பார்க்கலாம் என்று தோன்றினால் நம்மில் பலர் முதலில் செய்வது, வீட்டில் இல்லாத ஒரு பொருளை வாங்கி வருவதுதான். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒரே ஒரு தடவை திறந்த பாட்டில்கள் அலமாரியின் பின்வரிசையில் சேர்ந்துகொண்டே போயின. சமையல் மட்டும் பழைய சமையலாகவே இருந்தது.

அதை மாற்றியது ஒரு தவறு. கொண்டைக்கடலை வேகும்போதே சுவை உள்ளே இறங்கட்டும் என்று தக்காளியையும் எலுமிச்சைச் சாற்றையும் தொடக்கத்திலேயே ஊற்றிவிட்டேன். இரண்டு மணி நேரம் கொதித்தும் கடலை பல்லுக்குப் பிடி கொடுக்கவில்லை. அடுத்த வாரம் அதே பொருட்கள், அதே அளவு. கடலை நன்றாக மலர்ந்த பிறகு தக்காளி, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை. வேறு யாரோ வந்து சமைத்துவிட்டுப் போனது போல இருந்தது.

அதனால் இந்த வழிகாட்டியைக் கடிகார வரிசையில் எழுதியிருக்கிறேன். முதல் நாள் இரவில் தொடங்கி மறுநாள் மிச்சத்தில் முடியும். வேண்டியவை: ஒரு பயறு வகை, ஒரு முழுத் தானியம், இரண்டு மூன்று காய்கள், கொஞ்சம் கீரை, ஏதாவது ஒரு புளிப்பு, நல்ல எண்ணெய், ஒரு கைப்பிடி எள் அல்லது கொட்டைகள். பொருட்களை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள். வரிசையில் மட்டும் முதல் சில தடவை கை வைக்க வேண்டாம்.

முதல் நாள் இரவு: ஊறவைத்தல்

நான்கு பேருக்கு 200 கிராம் உலர்ந்த பயறு போதும். வெந்ததும் அது ஏறக்குறைய 450 கிராம் ஆகிவிடும். கழுவிவிட்டு, பயறுக்கு மேல் மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி 8 முதல் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 15 கிராம் உப்பு கரைத்துக்கொள்ளுங்கள். உப்பு போட்டால் பயறு வேகாது என்று கேட்டிருப்பீர்கள். நடப்பது நேர்மாறு. பயறின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். அதற்கு உறுதி கொடுப்பவை கால்சியமும் மெக்னீசியமும். ஊறும்போது உப்பிலுள்ள சோடியம் அவற்றில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. தோல் இளகுகிறது, வேகும்போது வெடிப்பதும் குறைகிறது. கால்சியம் மிகுந்த கடினத் தண்ணீரில் பயறு வேகத் தாமதமாவதற்கும் இதே கணக்குதான் காரணம். அப்படிப்பட்ட தண்ணீர் என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா உதவும். கை தாராளமாகிவிட்டால் சோப்பு போல ஒரு ருசி வரும், பயறிலுள்ள தயமின் என்ற வைட்டமினும் அழியும். எனவே சிட்டிகை என்றால் சிட்டிகைதான்.

வெப்பமான நாட்களில் ஊறும் பாத்திரத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் நுரையும் புளித்த வாசனையும் இருந்தால் அது வெளியிலேயே இருந்திருக்கிறது என்று அர்த்தம். தோல் நீக்கி உடைத்த பருப்புகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. கோதுமை, பார்லி, தவிடு நீக்காத அரிசி போன்றவற்றை இரவே ஊறப்போட்டால் மறுநாள் அடுப்பு எரியும் நேரம் நன்றாகக் குறையும்.

சிவப்பு ராஜ்மா எடுத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. இயற்கையானது என்றாலே தீங்கில்லாதது என்று நினைக்கும் பழக்கத்துக்கு இந்தப் பயறு நல்ல பாடம். சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்ட பிறகே தீயைக் குறைக்க வேண்டும். கொதிநிலையை எட்டாமல் மெதுவாகச் சூடேற்றும் பாத்திரங்களில் ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது.

காலை: பயறு வேகும் நேரம்

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். கூடவே பாதி வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பிரிஞ்சி இலை. புளிப்பு எதுவும் இப்போது கிட்டே வரக் கூடாது. அமிலம் பட்டால் அந்தப் பெக்டின் கரைய மறுக்கும். முதல் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கட்டும், அப்புறம் மேற்பரப்பு லேசாக நடுங்கும் அளவுக்குத் தீ இருந்தால் போதும். குக்கர் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். உள்ளே வெப்பம் 120 டிகிரி வரை போவதால் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் நடுவில் திறந்து ருசி பார்க்க முடியாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

வெந்ததா என்று பார்க்க ஒரு கடலையை நசுக்கினால் போதாது. ஐந்து எடுத்து மெல்லுங்கள். ஒன்று கல்லாக இருந்தாலும் இன்னும் நேரம் இருக்கிறது. பல மாதம் டப்பாவில் கிடந்த பழைய பயறு எவ்வளவு நேரம் ஆனாலும் மாவாகாது. அப்படி ஆனால் உங்கள் சமையலில் குறையில்லை, வயது பயறுக்கு. வெந்ததை உடனே வடிக்காமல் அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். காற்றுப் பட்டால் தோல் காய்ந்து சுருங்கும். அந்தக் கெட்டியான தண்ணீரைக் கொட்டியும் விடாதீர்கள். பின்னால் வேண்டும்.

ஒரு மணி நேரம் முன்பு: காய்களைச் சிவக்க வைத்தல்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வீட்டுச் சமையல் பல நேரம் சப்பென்று இருப்பதற்குக் காரணம் மசாலாக் குறைவு என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் பெரும்பாலும் காரணம், எதுவும் சிவக்காததுதான்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. காயின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் வெப்பம் அதற்கு மேல் போகாது. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமும் வறுத்த மணமும் தரும் மாற்றம் வேகம் பிடிப்பதோ 140 டிகிரியை ஒட்டித்தான். இடைப்பட்ட அந்த 40 டிகிரியைக் கடக்க ஈரம் வெளியேற வேண்டும். செய்ய வேண்டியவை எளியவை. நறுக்கிய காயைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் புரட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். தட்டு நிறைய அடுக்கினால் வெளிவரும் ஆவி போக இடமில்லாமல் காய் அவிந்துபோகும். ஓவன் இருந்தால் 220 டிகிரியில் 25 முதல் 35 நிமிடம். கேரட், பூசணி, காலிஃபிளவர் எல்லாமே இந்தக் கணக்குக்குள் வரும். ஓவன் இல்லாவிட்டால் கனமான இரும்புக் கடாயை நன்றாகக் காயவைத்து, இரண்டு மூன்று தவணையாகப் போடுங்கள். போட்டதும் கிளறும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் காய் தானே கடாயை விட்டு வரும்.

காளானுக்கு வழி வேறு. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். எண்ணெய் இல்லாமல் வெறும் கடாயில் போட்டால் தண்ணீரை விட்டு, சுருங்கி, சத்தம் மாறும். சலசலப்பு நின்று பொரியும் ஓசை கேட்கும்போது எண்ணெயும் உப்பும் சேர்க்க வேண்டும். முதலிலேயே எண்ணெய் ஊற்றினால் பஞ்சு போல உறிஞ்சிவிடும்.

வெங்காயத்தைப் பத்து நிமிடத்தில் பழுப்பாக்கலாம் என்று எழுதும் சமையல் குறிப்புகளை நான் நம்புவதில்லை. ஆழ்ந்த பழுப்பும் இனிப்பும் வர குறைந்த தீயில் 40 நிமிடம் ஆகும். தொடக்கத்தில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் தண்ணீர் விட்டு வேகமாக வதங்கும். அடியில் பிடிக்கும் பழுப்பை ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ருசி முழுக்க அதில்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு கிலோவை ஒரே நாளில் வதக்கி, சிறு சிறு பங்காக உறையவைத்துவிட்டால் மாதம் முழுக்க இந்த 40 நிமிடத்தை மறந்துவிடலாம்.

எண்ணெயில் போகும் மணங்கள்

மணம் தரும் பொருட்களில் பெரும்பாலானவை தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. சீரகம், மிளகு போன்ற முழு விதைகள் காய்ந்த எண்ணெயில் முதலில் போக வேண்டும். பொடிகள் சில நொடிகளிலேயே கருகும் என்பதால் அவை கடைசியில், அதாவது தக்காளியோ தண்ணீரோ ஊற்றப்போகும் அரை நிமிடத்துக்கு முன். பூண்டையும் வெங்காயம் நன்றாக வதங்கிய பிறகே சேருங்கள், கருகிய பூண்டின் கசப்பை எதுவும் மறைக்காது. பூண்டை நசுக்கி உடனே கடாயில் தள்ளாமல் 10 நிமிடம் விட்டுவைப்பது நல்லது. நசுங்கும்போதுதான் அதிலுள்ள நொதி வேலை செய்து அந்தக் காரமான சேர்மத்தை உண்டாக்குகிறது. சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும்.

தக்காளி விழுதையும் எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கி, செங்கல் நிறம் வந்ததும் பயறு வெந்த தண்ணீரை ஊற்றுங்கள். தக்காளி, காளான், கடற்பாசி ஆகியவற்றில் நாக்கில் ஆழமான ருசி தரும் குளூட்டமேட் என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்து, உமாமி என்று பெயர் வைத்தது இந்தச் சுவைக்குத்தான். உலர்ந்த காளானைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடிகட்டித் தக்காளியோடு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். சைவச் சாறு தண்ணியாகத் தெரிகிறது என்று குறைப்படுபவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்.

உப்பு: கொஞ்சம் கொஞ்சமாக, கணக்கோடு

ஒரு கிலோ உணவுக்கு 10 கிராம், அதாவது நூற்றுக்கு ஒன்று. பெரும்பாலான நாக்குக்கு இது நிறைவாக இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரைக் கிலோ சாப்பிட்டாலே அது முடிந்துவிடும். எனவே நான் முக்கால் பங்கில் நிறுத்திக்கொள்கிறேன். சிவந்த காயும் கடைசியில் வரும் புளிப்பும் மீதியை ஈடுகட்டிவிடுகின்றன. ஒரு தேக்கரண்டித் தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம். கல்லுப்பில் அதே கரண்டிக்கு எடை குறையும், ஆகவே சிறிய எடைக்கருவி ஒன்று இருந்தால் நல்லது.

வற்றப்போகும் எதிலும் முழு உப்பையும் முதலிலேயே போடாதீர்கள். தண்ணீர் போகும், உப்பு போகாது. கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுக்கலாம் என்பார்கள். கிழங்கு உப்புத் தண்ணீரை உறிஞ்சுமே தவிர உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது. உப்பில்லாத பயறையோ தானியத்தையோ தண்ணீரையோ கூட்டி அளவைப் பெருக்குவதுதான் வழி.

கடைசி ஐந்து நிமிடம்: பச்சை

கீரையும் பீன்ஸும் பட்டாணியும் இப்போதுதான் உள்ளே போக வேண்டும். அமிலமும் நீண்ட நேர வெப்பமும் பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றுவதால் பளிச்சென்ற பச்சை மங்கி ஒரு காக்கி நிறம் வருகிறது. காய்களிலேயே கொஞ்சம் அமிலம் உண்டு, மூடி போட்டால் அது ஆவியோடு வெளியேறாமல் திரும்ப விழும். அதனால் திறந்து வைத்து, ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். வைட்டமின் சி தண்ணீரில் கரையக்கூடியது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அது சாக்கடைக்குத்தான் போகும். கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினாய்டுகளோ கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். ஒரு கரண்டி எண்ணெய்க்குப் பயந்து ஆவியில் மட்டும் வேகவைத்துச் சாப்பிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுப்பை அணைத்த பிறகு: மூன்று கிண்ணச் சோதனை

குறிப்பைப் பார்க்காமல் சமைப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பாத்திரத்திலிருந்து மூன்று சிறு கிண்ணங்களில் இரண்டிரண்டு கரண்டி எடுங்கள். முதல் கிண்ணத்தில் சிட்டிகை உப்பு. இரண்டாவதில் நான்கைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு. மூன்றாவதில் கால் தேக்கரண்டி நல்ல எண்ணெயோ எள் விழுதோ. மாற்றி மாற்றிச் சுவைத்துப் பாருங்கள். எந்தக் கிண்ணத்தை மறுபடி கை தேடுகிறதோ அதுதான் பாத்திரத்துக்குத் தேவைப்படுவது.

பலமுறை செய்ததில் எனக்குத் தெரிந்த சில விஷயங்கள்: சப்பென்று இருந்தும் உப்பு சரியாக இருப்பதாகத் தோன்றினால் தேவை புளிப்பு. புளிப்பும் காரமும் தனித்தனியாகக் குத்தினால் கொழுப்பு. கசப்பு தூக்கலாக இருந்தால் சர்க்கரைக்குப் போகும் முன் துளி உப்பு போட்டுப் பாருங்கள். உப்புக்குக் கசப்பைத் தணிக்கும் குணம் உண்டு. நாக்கில் எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைந்தால், குறைவது மணம். அப்போது கொத்தமல்லி, புதினா போன்ற மெல்லிய இலைகளைக் கிள்ளிப் போடுங்கள். தைம், ரோஸ்மேரி போல் தண்டு கட்டையான மூலிகைகள் மட்டும் தொடக்கத்திலேயே வேக வேண்டியவை.

எலுமிச்சையை இப்போது பிழிவதில் இன்னொரு லாபமும் உண்டு. பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து வைட்டமின் சி உடன் இருந்தால் கூடுதலாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த லாபம் குறைந்துவிடும், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

தட்டில் சேர்ப்பவை

மிருதுவான தட்டுக்கு மேல் ஒரு மொறுமொறுப்பு வேண்டும். எள், பூசணி விதை, பாதாம் எதுவானாலும் சின்னத் தீயில் வறுத்து, வாசனை கிளம்பியதும் உடனே வேறு தட்டில் கொட்டிவிடுங்கள். கடாயிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகும். கொட்டைகளை வாங்கி வந்ததும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தால் எந்தச் சமையலும் அதைக் காப்பாற்றாது.

எள் விழுதில் எலுமிச்சைச் சாறு கலந்ததும் அது திடீரென்று இறுகிக் கட்டியாகும். கெட்டுவிட்டதென்று நினைத்து நான் ஒருமுறை முழுவதையும் கொட்டியிருக்கிறேன். கரண்டி கரண்டியாகத் தண்ணீர் விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் வெளுத்து, தயிர் பதத்துக்கு இளகும். அதை மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

புளிப்பை முன்கூட்டியே செய்துவைக்கும் வழியும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே யோசிக்க வேண்டும். 500 கிராம் முட்டைக்கோஸை மெல்லியதாக நறுக்கி, எடையில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 10 கிராம் உப்பு போட்டுப் பிசையுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் விடும். சுத்தமான கண்ணாடி ஜாடியில் அழுத்தி, தன் தண்ணீருக்குள்ளேயே முழுகி இருக்கும்படி மேலே பாரம் வையுங்கள். 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஒன்று முதல் மூன்று வாரம்; வெப்பம் கூடினால் சீக்கிரம். வாயு வெளியேற மூடி தளர்வாக இருக்கட்டும். கோஸில் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா மீதியைப் பார்த்துக்கொள்ளும். வண்ணத்தில் பூஞ்சை படர்ந்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாமா என்று யோசிக்காமல் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். இதைச் சூடாக்கினால் உயிருள்ள பாக்டீரியா போய்விடும், அதனால் தட்டில்தான் சேர்க்க வேண்டும்.

மறுநாள்

வெந்த சோறும் தானியமும் வெளியே ஆறிக் கிடப்பதுதான் மிச்சத்தில் பெரிய ஆபத்து. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கும். அவை முளைத்து உண்டாக்கும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். காற்றில்லாத அந்தச் சூழலில் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுப் பாதிப்பு வரலாம். ஃப்ரிட்ஜில் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டிய பொருள் அது.

மிச்சத்தை அதே வடிவில் திரும்பப் பரிமாறினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். வடிவத்தை மாற்றுங்கள். பயறை மசித்து, தானியத்தோடு பிசைந்து தட்டிக் கடாயில் சிவக்க வைக்கலாம். சிவந்த காய்களைப் பயறுத் தண்ணீரோடு அரைத்தால் கால் மணி நேரத்தில் சூப். வெங்காயத் தோல், கேரட் நுனி, காளான் காம்பு, மூலிகைத் தண்டு எல்லாவற்றையும் ஃப்ரீசரில் சேர்த்துவைத்து 45 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் அடுத்த சமையலுக்கான சாறு தயார். கோஸ், காலிஃபிளவர் கழிவுகளை அதில் போடாதீர்கள், நேரம் ஆக ஆகக் கந்தக நாற்றம் வரும்.

எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் சூடாக்கி இறக்கியதும் மறுபடி அரை மூடி எலுமிச்சையும் ஒரு கிள்ளு பச்சை இலையும் சேருங்கள். நேற்றுப் போட்டவற்றின் மணம் இரவிலேயே போயிருக்கும்.